மூன்றாவது வாய்த் தண்ணீர்

துணி காயப் போகலாமா, இன்னும் ஒரு முறை அலச வேண்டுமா என்பதை அந்தப் பட்டறையில் பக்கீர் முகமதுவின் நாக்குதான் முடிவு செய்தது.

திருப்பூரில் ராயபுரத்துக்குக் கீழே, ஆற்றோரமாக இருந்த பிளீச்சிங் பட்டறை அது. மெஷினில் பின்னி முடித்த பனியன் துணி அங்கே பழுப்பாக வரும். அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த சிமென்ட் தொட்டியில் ஊறவைத்து வெளுப்பார்கள். பவுடரின் சுண்ணாம்பு துணியில் தங்கிவிடும். அதை எடுக்க, தண்ணீர் கலந்த ஆசிட்டில் ஒரு முக்கு. பிறகு அந்த ஆசிட்டை எடுக்க, நல்ல தண்ணீரில் மூன்று அலசல். அலசல் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு தண்ணி, இரண்டு தண்ணி, மூன்று தண்ணி என்பார்கள். மூன்றாம் தண்ணி முடிந்ததும் துணியின் ஒரு முனையைப் பிழிந்து பக்கீர் முகமதுவிடம் நீட்டுவார்கள். அவர் அதை நுனி நாக்கில் வைத்து, மனதுக்குள் நான்கு எண்ணி, எடுத்துத் துப்புவார். புளிப்பு இல்லையென்றால், "காட்டுக்குப் போகட்டும்" என்பார். காடு என்பது பட்டறைக்குப் பின்னால் துணி காயப்போடும் வெற்று நிலம். புளிப்பு இருந்தால், "இன்னொரு தண்ணி" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

ஆசிட் மிச்சமிருக்கும் துணி அன்றைக்கு ஒன்றையும் காட்டாது. மற்ற துணியைப் போலவே வெள்ளையாக இருக்கும். வெட்டி, தைத்து, பெட்டியில் அடுக்கி, எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் தலைவழியாக மாட்டும்போதுதான் தோள்பட்டையில் பொத்துக்கொண்டு போகும். அதனால் அந்த நாக்குக்கு மரியாதை இருந்தது. பட்டறை முதலாளி கிட்டுசாமிகூடத் தானாகத் துணியை ருசி பார்த்ததில்லை. "என்னுது வெத்தலை சுண்ணாம்புல வெந்த நாக்குங்க. அதுக்கு என்ன தெரியும்" என்பார்.

பக்கீர் முகமது பதினைந்து வயதில் தொட்டியில் இறங்கித் துணி மிதிக்க வந்தவர். ருசி பார்ப்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கால் விரல் இடுக்குகளில் எரிச்சல் இருக்கிற நாளில் துணி பிற்பாடு கெட்டுப்போவதை அவராகவே கவனித்தார். காலைவிட நாக்கு சீக்கிரம் சொல்லும் என்று கண்டுகொண்டது அதற்குப் பிறகு. வெற்றிலை போடுவதை அதற்காகவே விட்டார். நோன்பு மாதத்தில் பகலில் துணியை நாக்கில் வைக்கலாமா என்று பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டார். தொண்டைக்குள் இறங்காமல் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று தெரிந்துகொண்டு வந்தார். ஒன்றாகச் சேர்த்து வெளுக்கும் ஒவ்வொரு லாட் துணியிலும் கையகலத் துண்டு ஒன்றை வெட்டி, பென்சிலில் எண் போட்டு, அடுப்புச் சுவரில் அடித்த ஆணியில் குத்தி வைப்பார். காஸ்டிக் வேகும் அடுப்பின் பின்சுவர் அது. எப்போதும் சுடும். ஆசிட் இருக்கிற துண்டு அந்தச் சூட்டில் சில வாரங்களில் இற்றுவிடும். கட்டைவிரலை ஊன்றினால் அப்பளம்போல விரல் மறுபக்கம் வந்துவிடும். தன் நாக்கு சொன்னது சரியா என்று அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட சோதனை அது.

1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய மனைவி குல்சார் பேகம் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். குழந்தைகள் இல்லை. பக்கீர் முகமதுவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இரண்டு தெரு தள்ளித் தங்கை சைதுன்னிசா இருந்தார். மதியச் சாப்பாட்டைத் தூக்குப்போசியில் கொடுத்தனுப்பினார். பக்கீர் முகமது கொஞ்ச நாள் வாங்கினார். பிறகு ஒருநாள் மீன்குழம்பு ஊசிப்போயிருக்கிறது என்று அப்படியே திருப்பி அனுப்பினார். மறுவாரமும் அப்படியே. "இப்பத்தான் அடுப்புலருந்து எறக்குனேன், எப்பிடி ஊசும்னு கேக்கச் சொல்லுச்சுங்க" என்று போசியைக் கொண்டுவந்தவர் சொன்னார். அதன்பின் போசி வரவில்லை. காலையில் டீ, மதியம் டீயும் பன்னும், இரவுக்குக் கடையில் இரண்டு இட்லி. பேசும் ஆள் இல்லாத வீட்டில் சாப்பாடும் ஒரு வேலையாகிவிட, அதையும் சுருக்கிக்கொண்டார்.

குமாரவேல் அந்தப் பட்டறையில் ஆசிட் தொட்டிக்காரன். குண்டடத்துப் பக்கம் மழை பொய்த்துத் திருப்பூர் வந்தவன். இருபத்தைந்து வயது. ஆசிட் அளந்து ஊற்றுவதும் மூன்று தண்ணி அலசுவதும் அவன் பொறுப்பு. அந்த வருடம் ஆவணியில் அவனுக்குக் கல்யாணமானது. புரட்டாசியில் ஒருநாள் மதியம் அவன் மனைவி ராமுத்தாய் சோற்றுப் போசியோடு பட்டறைக்கு வந்தாள். இருவரும் தொட்டிச் சுவரின் நிழலில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

காட்டில் துணி காயப்போடும் ஆயம்மாள், தன் சோற்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். வாய் சும்மா இருக்காது.

"ஏனப்பா குமாரு, நேத்து வரைக்கும் பசியே இல்லீங்க்கான்னு சொல்லுவ. இன்னைக்குத் தட்டையும் சேத்து உண்டுருவியாட்ட இருக்குது."

"தட்டு எங்கூட்டுதுங்க்கா. அத உட்டுட்டுத்தான் உண்ணோணும்" என்றாள் ராமுத்தாய். மூவரும் சிரித்தார்கள்.

பக்கீர் முகமது பத்தடி தள்ளி, பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டார்கள். வேண்டாமென்று கையைக் காட்டினார்.

சாப்பாடு முடிந்து வந்து குமாரவேல் மூன்றாம் தண்ணித் துணியின் முனையை நீட்டினான். அவர் நாக்கில் வைத்தார். நான்கு எண்ணினார். துப்பினார்.

"இன்னொரு தண்ணி."

நான்காம் தண்ணி முடிந்து நீட்டினான்.

"இன்னொரு தண்ணி."

"நல்லா அலசித்தானுங்க பாய் எடுத்தேன்."

"நாம் பொய் சொல்றனா?"

"அய்யோ, அப்பிடிச் சொல்வனுங்களா."

ஐந்து தண்ணி ஆனது. அடுத்த லாட்டுக்கு ஏழு. பட்டறைக் கிணற்று நீர் உப்பு. அலசுவதற்கு லாரியில்தான் நல்ல தண்ணீர் வரும். மூன்றாவது லாட்டின்போது லாரித் தண்ணீர் தீர்ந்து, துணி ஈரத்தோடு இரண்டு நாள் கிடந்தது. கிட்டுசாமி தொட்டிக்கு அருகே வந்து நின்றார்.

"என்னங்க பாய், பட்டறைய லாரிக்காரன் பேருக்கு எழுதி வெச்சர்லாங்களா?"

"அளவு மீறி ஊத்தறானுங்க. கவனமெல்லாம் சோத்து வேளைலதான் இருக்குது."

குமாரவேல் ஆசிட் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "பாய், ஒருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றான்.

"பாத்தாச்சு."

மறுநாளிலிருந்து குமாரவேலுக்கு வேலை இல்லை. அவன் அவிநாசி ரோட்டுப் பட்டறைகளில் கேட்டுப் பார்த்தான். அவனுக்கு முன்னால் பேச்சு போயிருந்தது. 'துணியை அவிக்கிறவன்', அதாவது ஆசிட்டில் துணியைக் கெடுக்கிறவன், என்று யாராவது ஒருமுறை சொன்னால் போதும், அந்த ஆளிடம் ஆசிட் ஜாடியை யாரும் கொடுக்க மாட்டார்கள். சொன்னது பக்கீர் முகமதுவின் நாக்கு என்பதால் யாரும் இரண்டாம் முறை விசாரிக்கவுமில்லை. ஐப்பசியில் அவனும் ராமுத்தாயும் வாடகை அறையைக் காலிசெய்துவிட்டுக் குண்டடத்துக்கே திரும்பிப் போனார்கள்.

பக்கீர் முகமது அந்த மூன்று லாட்டுகளின் துண்டுகளையும் தனியாக ஓர் ஆணியில் குத்தி வைத்தார். மூன்றாம் தண்ணியில் வெட்டி, வேறு அலசல் படாமல் காயவைத்தவை. யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக.

குமாரவேலின் இடத்துக்குக் கன்னையன் வந்தார். வயதானவர், நிதானமானவர். ஆசிட்டைச் சொட்டு எண்ணி ஊற்றுகிற ஆள். அவர் அலசிய துணியும் புளித்தது. நான்கு தண்ணி, ஐந்து தண்ணி. கன்னையன் எதிர்த்துப் பேசவில்லை. சொன்னபடி அலசிவிட்டு, முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்பச் செரிங்களா" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வி பக்கீர் முகமதுவுக்குப் பிடிக்கவில்லை. ஆசிட் வந்த பீப்பாய் வேறு சரக்கோ என்று பார்த்தார். லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று விசாரித்தார். தன்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

மார்கழியில் ஒருநாள் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பட்டறையிலிருந்து பள்ளிவாசலுக்குப் போனார். அங்கிருந்த தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவைச் செய்யத் தொடங்கினார். மணிக்கட்டு வரை கைகளைக் கழுவி, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி வாய் கொப்பளித்தார். ஒளுவில் மூன்று முறை கொப்பளிக்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து வேளை, வேளைக்கு மூன்று வாய். சிறு வயதிலிருந்து செய்வது. கை தானாகச் செய்துவிடும், மனம் வேறெங்கோ இருக்கும். அன்றைக்கு அவர் வந்த வழியெல்லாம் கன்னையனின் துணியையே நினைத்துக்கொண்டு வந்திருந்தார். நாக்கு இன்னும் வேலையில் இருந்தது. இரண்டாவது வாய்த் தண்ணீரை எடுத்தவர், பழக்கத்தில், மனதுக்குள் நான்கு எண்ணினார்.

தண்ணீர் புளித்தது.

துப்பிவிட்டு மூன்றாவது வாய் எடுத்தார். முந்தைய வாயைவிடக் குறைவு. ஆனால் புளிப்பு இருந்தது. பக்கத்தில் ஒருவர் அதே தொட்டித் தண்ணீரில் கொப்பளித்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கீர் முகமது அந்தத் தொட்டிக்குள் பார்த்தார். அடி தெரியும் தெளிந்த நீர். அவர் முப்பது வருடமாகக் கொப்பளிக்கிற நீர்.

தொழுது முடித்துப் பட்டறைக்குத் திரும்பும் வழியில் டீக்கடை டிரம்மில் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். புளித்தது. காட்டில் ஆயம்மாளின் மண்பானையைக் காட்டி, "ஒரு சொம்பு கொடு" என்றார். அதுவும் புளித்தது.

"பானை நல்லாக் கழுவுனியா ஆயம்மா?"

"காலைலருந்து நாங்க நாலு பேரு குடிக்கறோமுங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லீங்களே." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "பாய்ங்க, நீங்க சோறு உண்டு எத்தன நாளாச்சு?"

அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவர் துணியைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டுத் தன் வாயைப் பார்க்கத் தொடங்கினார். துணிக்குக் காட்டிய அதே கண்டிப்போடு பார்த்தார். காலையில் எழுந்ததும் புளிப்பு மிக அதிகம். வெறும் வயிற்றில் டீ குடித்தால் அரை மணியில் தொண்டை வரை வருகிறது. ஒருநாள் மெஸ்ஸில் சோறும் ரசமும் சாப்பிட்டுப் பார்த்தார். மூன்று மணி வரை ஏறக்குறைய இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் விஷயம் வயிற்றோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல. சாப்பிட்டிருந்த ஒருநாள் மாலை வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தபோது, வாயில் புளிப்பு ஊறியதைக் கவனித்தார். மறுநாளும் அதே வாசலில் அதே போல. கொடியில் குல்சார் பேகம் போர்த்திவந்த துப்பட்டி ஒன்று அப்படியே கிடந்தது. அவர் அதைப் பார்ப்பதில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

அதற்குப் பிறகு, அந்தப் புரட்டாசி மதியத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். எது முன்னால், எது பின்னால் என்று வரிசையாக. பன் கையில் இருந்தது. ராமுத்தாய் தட்டைப் பற்றி ஏதோ சொன்னாள். மூவரும் சிரித்தார்கள். அப்போது அவர் வாயில் எச்சில் ஊறியது. அதை விழுங்கினார். விழுங்கியது நன்றாக நினைவில் இருந்தது. அதன் பிறகுதான் குமாரவேல் துணியைக் கொண்டுவந்தான். துணி நாக்கைத் தொடுவதற்கு முன்பே புளிப்பு அங்கே இருந்தது. சோற்று வேளையைப் பற்றி முதலாளியிடம் சொன்ன வார்த்தையும் அங்கிருந்து வந்ததுதான். ஆசிட்டின் அளவைச் சொல்ல அந்த வார்த்தை தேவையே இல்லை.

இது நினைப்பு. நினைப்பை மட்டும் வைத்து ஒன்றைச் சரியென்று சொல்ல அவருக்கு வராது. அடுப்புச் சுவருக்குப் போய்த் தனி ஆணியிலிருந்த மூன்று துண்டுகளையும் எடுத்தார். இரண்டரை மாதமாக அந்தச் சூட்டில் இருந்தவை. ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை ஊன்றினார். துணி விரலோடு நீண்டு, விட்டதும் திரும்பியது. ஒன்றுகூடப் பொத்தவில்லை.

அடுப்புச் சூடு முன்போல் இல்லாமல் இருக்கலாம் என்று தனக்குத் தானே ஓர் ஆட்சேபம் சொல்லிக்கொண்டார். ஆசிட்டில் முக்கி ஒரே ஒரு தண்ணி அலசிய புதுத் துண்டு ஒன்றை அதே ஆணியில், மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் குத்தி வைத்தார். மூன்று வாரம் காத்தார். மூன்று வாரம் கழித்து அந்த நான்காவது துண்டில் விரலை வைத்ததும் விரல் மறுபக்கம் வந்தது. பழைய மூன்றும் அப்படியே இருந்தன.

குமாரவேலின் துணியில் ஒருநாளும் தவறு இருந்ததில்லை.

அதன்பின்னும் ஒரு வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் இருந்தது அந்த நாக்கு ஒன்றுதான். வீட்டில் யாரும் இல்லை. தங்கை வீட்டுக்குப் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. பட்டறையில் ஆட்கள் அவர் சொல்லுக்காகத் துணி முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த ஓர் இடத்தில்தான் அவர் ஓர் ஆளாக மதிக்கப்பட்டார். இதைச் சொன்னால் அந்த இடமும் போகும். சொல்லாவிட்டால் குண்டடத்தில் ஒருவன் இல்லாத குற்றத்தோடு உட்கார்ந்திருப்பான்.

ஒரு சனிக்கிழமை, கிட்டுசாமியின் மேஜைமேல் நான்கு துண்டுகளையும் வைத்தார்.

"குமாரவேலு மேல தப்பு இல்லீங்க. என் வாயிதான் தப்பு."

முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கிட்டுசாமி எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"இத இப்ப யாருங்க கேட்டாங்க?"

"யாரும் கேக்கலீங்க. நானாத்தான் சொல்றேன்."

"பாய் வாய் புளிச்சதுக்கு கிட்டுசாமி மாசக்கணக்குல துணி அலசுனான்னா ஊரே சிரிக்குமுங்க."

"என்னயத்தானுங்க சிரிப்பாங்க."

"அதயுந்தான் சொல்றேன்." கொஞ்ச நேரம் துண்டுகளைப் புரட்டினார். "போனது போச்சுங்க. லிட்மஸ் காயிதம் வாங்கிப் போடறேன், நீங்க பாட்டுக்கு இருங்க. அவன மறுபடி கூப்புட முடியாது. கன்னையன் என்ன தப்புப் பண்ணுனான், அவன எப்பிடிப் போகச் சொல்றது?"

"காயிதம் வாங்குங்க, நல்லதுதான். குமாரவேல வெளிய நாலு எடத்துல கெடுத்தது என் பேச்சு. அத நானே போய்ச் சொல்லிப்போடறேன்."

"உங்க இஷ்டமுங்க" என்றார் கிட்டுசாமி. அவருக்குக் கோபம் இருந்ததா என்று பக்கீர் முகமதுவால் சொல்ல முடியவில்லை. அன்று மாலைக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. தொட்டிக்காரர்கள் துணி முனையை அவரிடம் நீட்டுவதற்கு முன் ஒரு கணம் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் அவர் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

மறுநாள் தாராபுரம் பஸ்ஸில் ஏறிக் குண்டடத்தில் இறங்கினார். விசாரித்துக்கொண்டு ஒரு மைல் நடந்தார். குமாரவேல் வேறொருவர் நிலத்தில் சோளத்தட்டுப் போர் வைத்துக்கொண்டிருந்தான். போருக்குக் கீழே நின்று கட்டுகளை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த ராமுத்தாய்தான் முதலில் பார்த்தாள்.

"வாங்க பாய். இங்க அலசறதுக்குத் தொட்டியும் இல்லீங்க, நக்கிப் பாக்கறதுக்குத் துணியும் இல்லீங்க."

குமாரவேல் போரிலிருந்து இறங்கி வந்தான். உட்காரச் சொல்லவில்லை. பக்கீர் முகமது பையிலிருந்து துண்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

"எண் போட்டிருக்குது பாரு. உன்னோட மூணு லாட்டு. கட்டவெரல ஊனிப் பாரு."

அவன் மூன்றையும் ஊன்றிப் பார்த்தான். பிறகு நான்காவதை. விரல் பொத்துக்கொண்டு வந்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். தொட்டியில் நான்கு வருடம் நின்றவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"மார்கழில."

"இப்பத் தையே முடியப்போவுதுங்க."

"மூணு வாரம் சோதிச்சேன். ஒரு வாரம் பயந்துட்டிருந்தேன்." சற்றுப் பொறுத்து, "சோதிச்சதுலயும் பாதி பயந்தான்" என்றார். "இன்னொண்ணும் இருக்குது. மொத நாளு நீங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுல உண்டதப் பாத்துட்டிருந்தேன். துணி அதுக்கப்பறந்தான் புளிச்சுது. ஆசிட்டு கூடன்னு சொன்னது தெரியாமச் சொன்னது. சோத்து வேளையப் பத்திச் சொன்னது அப்பிடி இல்ல."

ராமுத்தாய் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டாள். வரப்போரம் போய், நிழலில் வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை உடனே குடிக்கவில்லை. ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார். இன்னொன்று. மூன்றாவதை நாக்கில் நிறுத்தினார்.

"புளிக்குதுங்களா?" என்று குமாரவேல் கேட்டான். குரலில் கேலி இருந்தது.

"புளிக்குது. காலைல ஒண்ணும் உண்ணாம பஸ் ஏறிட்டேன். அது என்னுது. தண்ணி நல்ல தண்ணி."

மீதியைக் குடித்தார். குமாரவேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கட்டு ஒன்றைத் தரையில் இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றான்.

அடுத்த வாரம் இருவரும் அவிநாசி ரோட்டில் நான்கு பட்டறைகளுக்கு நடந்தார்கள். ஒவ்வொன்றிலும், ஆட்கள் இருக்கும்போதே, பக்கீர் முகமது ஒரே விஷயத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். துண்டுகளைக் காட்டினார். மூன்றாவது பட்டறையின் மேஸ்திரி, "அப்ப இனிமே பாய் வாய்க்கு ரெண்டு தண்ணி, துணிக்கு ஒரு தண்ணியா?" என்று கேட்க, தொட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவர், "ஆமாங்க, அப்பிடித்தான் வெச்சுக்கோணும்" என்றார். வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. நான்காவது இடத்தில் குமாரவேலை அன்றைக்கே நிற்கச் சொன்னார்கள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "வர்றனுங்க பாய்" என்று சொல்லித் தொட்டிக்குப் போனான். அவர் தனியாக ராயபுரத்துக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த முறை மாறியது. துணியைத் தொடுவதற்கு முன் லாரித் தண்ணீரில் மூன்று வாய் கொப்பளிப்பார். மூன்றாவது வாயில் நாக்கில் என்ன இருக்கிறதோ, அது தன்னுடையது என்று குறித்துக்கொள்வார். சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் நிறைய இருக்கும். அதைப் போக்கிவிட வேண்டும் என்று அவர் அலட்டிக்கொள்வதில்லை. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பிறகு துணியை வைப்பார். அதற்குமேல் இருப்பது மட்டும் துணியினுடையது. கிட்டுசாமி வாங்கிப்போட்ட லிட்மஸ் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரும்பாலும் இரண்டும் ஒன்றையே சொல்லின. மாறிச் சொன்ன நாட்களைத் தனியாகக் குறித்து வைத்தார்.

இந்தப் பழக்கம் தொட்டியடியோடு நிற்கவில்லை. யாராவது பேசியது தைக்கும்போது, யாரோ பார்க்காததுபோல் போகும்போது, அவர் உடனே எதையும் முடிவு செய்வதில்லை. இன்று என்ன சாப்பிட்டேன், எங்கிருந்து வருகிறேன், இவர் வருவதற்கு முன்பே என்னிடம் என்ன இருந்தது என்று முதலில் பார்ப்பார். இதனால் அவருக்கு நண்பர்கள் கூடிவிடவில்லை. கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தாமதிக்கிற மனிதர் என்ற பெயர்தான் வந்தது. தங்கை வீட்டுக்கு வெள்ளிக்கிழமைகளில் போய்ச் சாப்பிட்டார். மற்ற நாட்களில் தானே சோறு வடித்தார். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது வாயில் புளிப்பு ஊறுவது நிற்கவில்லை. ஊறுகிறது என்பதை நின்று பார்த்துவிட்டு உள்ளே போவார். குல்சார் பேகத்தின் துப்பட்டியை ஒருநாள் கொடியிலிருந்து எடுத்து, துவைத்து, மூன்று தண்ணி அலசி, காயவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்தார்.

குமாரவேலைச் சந்தையில், பஸ் நிறுத்தத்தில் எப்போதாவது பார்ப்பார். அவன் தலையசைப்பான். நின்று பேசியதில்லை. அவர் அதை எதிர்பார்க்கவுமில்லை.

1991 கோடையில் ஒருநாள் மதியம் குமாரவேல் பட்டறை வாசலில் வந்து நின்றான். கையில் பாலிதீன் பை. அதற்குள் ஈரத் துணி.

"எங்க பட்டறைல காயிதம் ஒரு மாதிரி காட்டுது, எனக்கு ஒரு மாதிரி படுதுங்க. லாட்டு பெருசு. மேஸ்திரி உங்ககிட்டக் காட்டிட்டு வரச் சொன்னாருங்க."

பக்கீர் முகமது எழுந்து போய் மூன்று வாய் கொப்பளித்தார். மூன்றாவதை நிறுத்தி, துப்பிவிட்டு வந்தார். துணி முனையைப் பிழிந்து நாக்கில் வைத்தார். நான்கு எண்ணினார்.

"புளிக்குது."

குமாரவேல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாயிலீங்களா, துணிலீங்களா?"

"ரெண்டுலயுந்தான்" என்றார். "துணில கொஞ்சம் கூட."

"அப்ப இன்னொரு தண்ணி உட்டர்றனுங்க."

"ஒண்ணு போதும்."

அவன் பையை முடிச்சுப் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனான். அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே கன்னையன் அடுத்த துணியின் முனையைப் பிழிந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பக்கீர் முகமது கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, மறுபடி கொப்பளிக்கப் போனார்.